காட்டுப் பூவரசுக்கு டோலமைட் வேண்டாம்

கேள்வி: நீலகிரியில் எமரால்டு பக்கம் கேரட் போடுகிறேன். தோட்டத்துக்கு மேலே சீகை (வாட்டில்) மரங்களை வெட்டிய சரிவு காலியாகக் கிடக்கிறது. அங்கே காட்டுப் பூவரசு, அதாவது நம் மலை ரோடோடென்ட்ரான் மரம், வைக்க ஆசை. விதையை மண்ணில் தூவி மூடினேன், முளைக்கவில்லை. நாற்றங்காலில் வாங்கிய கன்றுகளைத் தொழு உரமும், மண் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூளும் போட்டு நட்டேன், இலை மஞ்சளாகிறது. என்ன செய்வது?

பதில்: இலையை உற்றுப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து, நடுவில் மட்டும் மஞ்சள் பாய்ந்திருந்தால் டோலமைட்தான் காரணம். கேரட்டுக்கு நாம் புளிப்பு மண்ணைத் திருத்துகிறோம். இந்த ரோடோடென்ட்ரானுக்கு அந்தப் புளிப்பே வேண்டும். சுண்ணாம்புச் சத்து ஏறினால் வேர் இரும்பை எடுக்காது. கன்றுகளை வேர்மண்ணோடு தூக்கி, டோலமைட் படாத மேட்டில் வையுங்கள்.

உறைபனியும் வெயிலும் காற்றும் இதற்குப் பொருட்டில்லை. சோலை ஓரத்துப் புல்வெளியில் தனியே நிற்கிற மரம் இது. வளர்ந்தபின் தடித்த பட்டை புல் தீயையும் தாங்கும். கன்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது, தீத்தடுப்புக் கோடு வெட்டிவிடுங்கள். ஓடையோரச் சதுப்பில் மட்டும் வேண்டாம், வேர் அழுகும்.

வேர் மேலாகவே பரவும். குழி ஆழத்தைவிட அகலமாக இருக்கட்டும், தண்டும் வேரும் சேரும் கழுத்து புதையக் கூடாது. இலைமக்கு கலந்த மண் போதும், யூரியா வேண்டவே வேண்டாம். பத்தடிக்கு ஒன்று, ஜூன் மழை பிடித்ததும் நடுங்கள். சுற்றிக் கொத்தாதீர்கள், தண்டைத் தொடாமல் சருகு மூடாக்குப் போடுங்கள். சீகைச் சருகில் விதை இருக்கும், அது ஆகாது. ஏற்கனவே மண்ணில் கிடக்கிற சீகை விதையே ஆண்டுக்கணக்கில் முளைக்கும். மழை ஈரத்தில் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்கவேண்டும், உண்மையான வேலை அதுதான்.

விதை தூள் மாதிரி, மண் மூடினால் வராது. காய் பழுப்பேறி வெடிக்கும் முன் பறித்துக் காகிதத்தில் உலர்த்துங்கள். தட்டில் சலித்த இலைமக்கு, மேலே நறுக்கிய பாசி. அதன்மேல் தூவி, தெளிப்பானால் நனைத்து, பாலித்தீன் மூடி நிழலான வெளிச்சத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பச்சை தெரியும். நடும் கன்றாக இரண்டு மூன்று வருடம் பிடிக்கும், பூவுக்கு இன்னும் நாளாகும். காப்புக்காட்டில் கன்று பிடுங்கப் போகாதீர்கள், வழக்காகிவிடும்.

சரிவில் மாடு, ஆடு மேய்ந்தால் வேலி அவசியம். கன்றைக் காக்க மட்டுமல்ல, இதன் இலை கால்நடைக்கு நஞ்சு. தின்று வாந்தியெடுத்து, நுரை தள்ளினால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.