சீனம் பேசக் காசு கொடுக்கும் முன்

கேள்வி: மகன் எம்பிபிஎஸ் படிக்கச் சீனா போகிறான். பாடம் முழுக்க ஆங்கிலம், சீனம் தேவையே இல்லை என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? (தந்தை, நாமக்கல்)

பதில்: நம்பாதீர்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், வார்டில் படுத்திருக்கும் பாட்டி ஆங்கிலத்தில் பேசமாட்டார். மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) 4-ஆம் நிலை வரை சீனம் தேவை என்று பெய்ஜிங் இந்தியத் தூதரகம் 2022-லேயே அறிவித்திருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சீனம் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதை ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

கேள்வி: ‘45 நாளில் சரளம், நேரடி வகுப்பு’ என்ற விளம்பரத்தை நம்பி 18,000 ரூபாய் கட்டினேன். வந்தது பழைய வீடியோக்கள். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் இருக்கிறதாம். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (மாணவி, திருநெல்வேலி)

பதில்: கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை அம்மா. முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். ரசீதில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. சொன்னது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றால் அது சேவைக் குறைபாடு. விளம்பரத்தை அவர்கள் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விடாதீர்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்புக் கருவி 9,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும்.

கேள்வி: தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட சீனப் புத்தகம் சுலபமாக இருக்குமா? (சேலம்)

பதில்: எனக்கு இது ஆறாத புண். அப்படியொரு புத்தகத்தை 350 ரூபாய்க்கு வாங்கி, மனப்பாடம் செய்துகொண்டு சீனாவின் குவாங்சோ நகருக்குப் போனேன். பயணப்பெட்டிக் கடையில் ‘வாங்க வேண்டும்’ என்று சொன்னதாக நினைத்தேன். கடைக்காரம்மா என் கையைப் பார்த்தார், நான் எதையோ விற்க வந்திருக்கிறேன் என்று. வாங்குவதும் ‘மை’, விற்பதும் ‘மை’. முன்னதற்குக் குரலைத் தாழ இறக்கி லேசாக ஏற்ற வேண்டும். பின்னதற்கு மேலிருந்து சட்டென்று வெட்டி இறக்க வேண்டும். புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, தொனிக்குறி ஒன்றுகூட இல்லை.

அப்புறம் மூச்சு. ‘வயிறு நிறைந்தது’ என்பதும் ‘ஓடு’ என்பதும் தமிழில் எழுதினால் ‘பாவ்’தான், தொனியும் ஒன்றேதான். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஓடு’வுக்குக் காகிதம் ஆட வேண்டும், வயிற்றுக்கு ஆடக் கூடாது. ஆடாத அந்த ஒலி நம் ‘பல்’லில் வரும் ப-தான். இதையெல்லாம் சொல்லாமல் சுலபம் என்று விற்பது அநியாயம். 1958 முதல் சீனப் பள்ளிகளிலேயே பின்யின், அதாவது சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறை, இருக்கிறது. தொனிக்குறியோடு அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒலியோடு கூடிய அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ழகரம் சரியாக வருகிறவர்களுக்குச் சீன ரகரம் பாதி கைக்கு வந்த மாதிரி.

கேள்வி: இணையத்தில் 100 தனி வகுப்புகளுக்கு மொத்தமாகக் கட்டிவிட்டேன். ஆசிரியர் முழுநேரமும் ஆங்கிலத்திலேயே பேசுகிறார். (மாணவர், செங்டு)

பதில்: ஒரு மாதிரி வகுப்புகூடப் பார்க்காமல் நூறுக்குக் கட்டினால் யாரைக் குறை சொல்வது? கத்திரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? சரி, ஆசிரியரை மாற்றித் தரச் சொல்லுங்கள். வகுப்பில் பாதி நேரமாவது நீங்கள் பேச வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் இருப்பதே செங்டுவில். ஆங்கிலம் பழக ஆசைப்படும் சீன மாணவர்கள் உங்கள் விடுதியைச் சுற்றியே இருப்பார்கள். ஒரு மணி நேரம் உங்கள் ஆங்கிலம், ஒரு மணி நேரம் அவர்கள் சீனம், செலவே இல்லை. தெருவில் கேட்கும் சிச்சுவான் வட்டாரப் பேச்சு பாடத்தில் படித்ததுபோல் இருக்காது, அதற்காகப் பயந்துவிடாதீர்கள்.

கேள்வி: எச்எஸ்கே 4-ல் 300-க்கு 240. வார்டில் வாயே திறக்க வரவில்லை. இன்னும் மாதிரித் தேர்வுகள் வாங்கவா? (மாணவி, ஊகான்)

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் எழுதிய தாளில் கேட்டல், வாசித்தல், எழுதுதல் மட்டும்தான்; பேச்சுக்கு எச்எஸ்கேகே என்று தனித் தேர்வு. ‘எங்கே வலிக்கிறது’, ‘எத்தனை நாளாக’ என்று தினம் ஐந்து வாக்கியங்களை வார்டு நர்ஸ் வாயால் சொல்லச் சொல்லி, அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்யுங்கள். இரவில் கூடவே சொல்லிப் பாருங்கள். காலையில் போனதும் முதல் நோயாளியிடம் அதையே கேளுங்கள்.