இடுப்பு எலும்பு பட்டினியால் சுருங்காது, அக்கா

உங்கள் மகளுக்கு 18 வயது, உயரம் 178 செ.மீ., எடை 54 கிலோ. பாரிஸ் மாடலிங் ஏஜென்சி இடுப்புச் சுற்றளவை 92 செ.மீ.இலிருந்து 88க்குக் குறைக்கச் சொல்கிறது. நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பதறிப்போனேன்.

முதல் வேலை, இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவளுடைய பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் கணக்கு, சுமார் 17. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 18.5க்குக் கீழே போனாலே எடை குறைவு. சாப்பாடு போதாமல் மாதவிடாய் நின்றால் எலும்பின் அடர்த்தியும் குறையும், அதுவும் எலும்பு வலுப்பெற வேண்டிய இந்த வயதில்.

நான் இங்கே தையல் அறையில் பல வருடம் வேலை பார்த்தவள். ஃபேஷன் ஷோவுக்கு மாடல்கள் போட ஒரே அளவில் சாம்பிள் உடை தைப்பார்கள். அது யாருக்குச் சேருமோ அவளுக்குத்தான் வாய்ப்பு. ஜிப் ஏறாமல் பாதியில் நிற்கும்போது அந்தப் பிள்ளைகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தையலைப் பிரித்து உடையை இரண்டு செ.மீ. தளர்த்த பத்து நிமிடம் போதும், அக்கா.

அப்புறம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிரான்ஸில் 2017 முதல் மாடலுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம், பிஎம்ஐயையும் பார்ப்பார்கள். அது இல்லாமல் வேலை கொடுத்தால் 75,000 யூரோ வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சான்றிதழ் எங்கே என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரை கையெழுத்து எதுவும் வேண்டாம்.

அவளிடம் எடையைப் பற்றிப் பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள்.