ஸ்கெட்ச் புக்கை ஓவிய நண்பர்களிடம் காட்டினால் நம் ஐடியா போய்விடுமா?

கேள்வி: படம் வரையும் நண்பர்களோடு ஸ்கெட்ச் புக்கைப் பகிர்ந்துகொள்ள ஆசை. ஆனால் என் ஐடியாவையும் பாணியையும் எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம். எப்படிப் பகிர்வது?

தாராளமாகக் காட்டுங்கள். எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். நீங்களும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தானே காட்டுகிறோம்?

எங்கள் கூட்டம் சின்னது. நான் கடலூரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். திருப்பாதிரிப்புலியூரில் போர்டு எழுதும் அண்ணன் ஒருவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்தும் பிரஷ்ஷைக் கீழே வைக்காதவர். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி. தோதுப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியில் கூடுவோம். வெயில் ஏறும் வரை வரைவது, அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து புத்தகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது.

பாரதி பூங்காவில் இருக்கும் வெள்ளை நிற ஆயி மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிக்குப் பென்சிலோடு வந்த யாரும் அதை விட்டுவைத்ததில்லை. ஒருநாள் நால்வரும் ஒரே புல்தரையில் உட்கார்ந்து அதை வரைந்தோம். மாஸ்டர் மண்டபத்தை நாலு கோட்டில் முடித்துவிட்டு, மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிய ஆளுக்கு மீதிப் பக்கத்தைக் கொடுத்துவிட்டார். தங்கச்சி மண்டபத்தைத் தொடவே இல்லை. பின்னால் இருந்த மரங்களை அடர்ந்த பச்சையில் தீட்டினாள், நடுவில் விடுபட்ட வெள்ளைக் காகிதமே மண்டபமாகிவிட்டது. அண்ணன் நிழல்களை மட்டும் பட்டைப் பட்டையாகப் போட்டார். நான் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வரைந்தும் இவ்வளவு வித்தியாசம். பாணி அத்தனை சுலபமாகக் கைமாறுகிற சரக்கு இல்லை.

கைமாறுவது பார்வை. அண்ணன் ஒருமுறை சொன்னார்: "எழுத்தை எழுதுறது பாதி வேலை தம்பி. நடுவுல இருக்கிற இடைவெளியை அளந்து விடுறதுதான் மீதி. 'ட' போட்டா மேல வலப்பக்கம் காலியா நிக்கும். அடுத்த எழுத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளலைன்னா போர்டுல ஓட்டை விழுந்த மாதிரி தெரியும்." அவருடைய ஸ்கெட்ச் புக்கைப் புரட்டினால் வைசியாள் வீதித் திண்ணை வீடுகளும் அப்படித்தான் இருக்கின்றன. தூணை அவர் வரைவதில்லை, தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் இருட்டை வரைகிறார். அதைப் பார்த்த பிறகு என் தூண்கள் நேராக நிற்க ஆரம்பித்தன. ஆனால் என் படத்தைப் பார்த்து யாரும் அவருடையது என்று நினைக்க மாட்டார்கள், என் கைக்கு அந்த உறுதி கிடையாது. அவரும் சும்மா இல்லை. தங்கச்சி வெள்ளையை விட்டுவைத்ததைப் பார்த்துவிட்டு, இனி வேண்டாம் என்று வெள்ளைப் பெயிண்ட் ட்யூப்பைப் பையிலிருந்தே நீக்கிவிட்டார்.

கொஞ்சம் பெரிய உதாரணம் வேண்டுமென்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைஞர் கிராமம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியில் அவரைச் சுற்றியிருந்த கலைஞர்களும் சேர்ந்து கடற்கரையோரம் அமைத்தது. அக்கம்பக்கத்து வீடு, ஒருவர் வேலை இன்னொருவர் கண்ணில் தினமும் பட்டிருக்கும். கோட்டின் மேல் ஒரு பொதுவான பிரியம் அவர்களுக்குள் ஊறியது உண்மைதான். ஆனாலும் பணிக்கர் எழுத்துகளையும் ஜாதகக் கட்டம் போன்ற குறிகளையும் வைத்து வரைந்தார், சுல்தான் அலி நாட்டார், பழங்குடி உருவங்களிடம் போனார், ஹரிதாசன் பூஜையில் வைக்கும் யந்திரத் தகடுகளின் வடிவங்களுக்குப் போனார். யாரும் யாரிலும் கரைந்துபோகவில்லை.

சரி, எப்படிப் பகிர்வது? புத்தகத்தையே கையில் கொடுங்கள், போன் படம் வேண்டாம். போனில் நீங்கள் தேறிய பக்கத்தை மட்டும்தான் அனுப்புவீர்கள். அதற்கு முந்தைய பக்கத்தில் பாதியில் நின்றுபோன படகும், ஓரத்தில் கலர் கலந்து பார்த்த திட்டுகளும்தான் நண்பனுக்கு வேண்டியவை. யாருக்கும் காட்ட விரும்பாத பக்கங்கள் இருந்தால் சேர்த்து ஒரு பைண்டர் கிளிப் போட்டுவிடுங்கள். எங்களுக்குள் கிளிப்பை யாரும் கழற்றுவதில்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை.

பார்க்கிறவர் "சூப்பர்" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பித் தந்தால் அந்தச் சந்திப்பு வீண். "முதல் கோடு எங்க போட்டே?" என்று கேட்கச் சொல்லுங்கள். மாஸ்டர் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான், அதற்குப் பதில் சொல்வதற்குள்ளேயே படத்தில் எங்கே இடறியது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

புத்தகம் கைமாறுவதால் சில நடைமுறை விஷயங்கள். கடலோர ஊரில் காகிதம் ஈரம் குடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். கலர் கனமாக ஏறிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். வாட்டர்புரூஃப் இல்லாத மையில் கோடு போட்டிருந்தால், வியர்த்த விரல் பட்டாலே இழுக்கும். அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத்தை (கையால் செய்த காகிதம்) வாங்கி விசிறி மடிப்பாக மடித்து ஒரு சுற்றுப் புத்தகமும் வைத்திருக்கிறோம். ஒருவர் முடித்த மடிப்பின் ஓரத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும் என்பது மட்டும்தான் விதி. கைக்காகிதம் தாளுக்குத் தாள் மையை வேறுவேறு மாதிரி உறிஞ்சுகிறது, மூலையில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கடலூர் துறைமுகத்துப் படகும் புதுச்சேரிக் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சித் தூண்களும் அதில் ஒரே கரையில் நிற்கின்றன.

திருட்டு பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி இணையத்தில் போட்ட ஒரு படம், கேட்காமல் கொள்ளாமல், ஒரு கடையின் மெனு கார்டில் வந்தது. எடுத்தவர் முன்பின் தெரியாத ஆள். டீக்கடையில் அவள் புத்தகத்தைப் புரட்டிய எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே பொதுவில் போடும்போது சின்ன அளவில் போடுங்கள், கையெழுத்தைப் படத்துக்குள்ளேயே போடுங்கள். நம் சட்டப்படி வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. பாணிக்கும் வெறும் ஐடியாவுக்கும் கிடையாது. ஆனால் நண்பர்களுக்குள் சட்டம் பேசினால் நன்றாக இருக்காது. நண்பர் புத்தகத்தில் பார்த்த ஒன்றை வைத்து நீங்கள் காசு வாங்கும் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால், ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். எங்கள் அண்ணன் இதுவரை யாருக்கும் வேண்டாம் என்றதில்லை, அடுத்த வாரம் டீயும் வடையும் உன் கணக்கு என்பார்.