சின்ன நாட்டுக் கதைகளிடம் வாசகர் கேட்பது என்ன? - கேள்வி பதில்

பெங்களூர் அல்சூர் பக்கம் மாதாமாதம் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதப் பேச்சு சின்ன நாடுகளின் நாவல்களைப் பற்றி. நேரம் போதாமல் பலர் கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நூலகராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மூத்த உறுப்பினர் அவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறார். வட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'தான்.

இந்திராநகர்: அக்கா, கதை கதைதானே? சின்ன நாட்டு வாசகர் மட்டும் வேறு மாதிரியா படிக்கிறார்?

கதை கதைதான். ஆனால் உங்கள் ஊரைப் பற்றி வருஷத்துக்கு எத்தனை கதை வருகிறது என்பதைப் பொறுத்து எதிர்பார்ப்பு மாறிவிடும். அமெரிக்காவைப் பற்றி ஒரு நாவல் சரியில்லை என்றால் அமெரிக்கர் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார். ஐஸ்லாந்தில் மொத்த ஜனமே 4 லட்சத்துக்குக் கீழே. நம் மகாதேவபுரா சட்டசபைத் தொகுதியில் வாக்காளர்கள் மட்டுமே 6 லட்சத்தைத் தாண்டுவார்கள்! அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு நாவல் வந்தால் ஊரே உட்கார்ந்து சரிபார்க்கும். அந்தத் தெருவில் அந்தக் கடை இருந்ததா, அந்த மாதத்தில் அந்த மீன் கிடைக்குமா என்று. அங்கே வாசகர் பாதி வாசகர், பாதி சாட்சி.

சாட்சி கேட்பது இரண்டு. எங்களை உள்ளபடி காட்டு. வெளியாள் முன்னால் எங்கள் மானத்தை வாங்காதே. இரண்டையும் ஒரே ஆள், ஒரே மூச்சில் கேட்பார். எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

ஜீவன் பீமா நகர்: மானத்தை வாங்காதே என்று கேட்பதில் என்ன தப்பு? வெளிநாட்டுக்காரன் அந்த ஒரு புத்தகத்தை வைத்துத்தானே நம்மை எடை போடுகிறான்?

கேட்பதில் தப்பில்லை. அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐஸ்லாந்து எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்னஸ் 1934-35-இல் இரண்டு பாகமாக ஒரு நாவல் எழுதினார். யாருக்கும் கடன்படாமல் சொந்த நிலத்தில் நிற்பேன் என்று வீம்பு பிடிக்கும் ஓர் ஆட்டு விவசாயியின் கதை. அந்த வீம்புக்கு அவன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் விலை கொடுக்கிறார்கள். புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீட்டின் ஈரம், அழுக்கு, பசி எதையும் அவர் மறைக்கவில்லை. ஐஸ்லாந்துக்காரர்களுக்கோ தனித்து நிற்கும் விவசாயி என்றால் தேசத்தின் அடையாளம். சும்மா விடுவார்களா? எங்கள் விவசாயிகளைக் கேவலப்படுத்திவிட்டார் என்று கண்டனம் கிளம்பியது. 1955-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கப்பலில் ஊர் திரும்பியபோது ரெய்க்யவிக் துறைமுகத்தில் பெருங்கூட்டம் நின்று வரவேற்றது. இருபது வருஷத்துக்குமுன் மானம் போனதென்று சொன்ன அதே நாடு!

அயர்லாந்து இன்னும் மோசம். 1907 ஜனவரியில் டப்ளின் ஆபி தியேட்டரில் ஜான் மில்லிங்டன் சிங்கின் ஒரு நாடகம். கிராமத்து ஐரிஷ்காரர்களை இப்படிக் காட்டுவதா என்று பார்வையாளர்கள் கத்திக் கலாட்டா செய்தார்கள். அது ஜனங்களின் கோபம், நாலு நாளில் அடங்கிவிடும். 1929-இல் நூல் தணிக்கைச் சட்டம் வந்தது பாருங்கள், அதுதான் ஆபத்து. எட்னா ஓ'பிரையனின் முதல் நாவலுக்கு 1960-இல் தடை. ஜான் மெக்காஹெர்னின் இரண்டாவது நாவலுக்கு 1965-இல் தடை, அதோடு அவருடைய பள்ளி ஆசிரியர் வேலையும் போயிற்று. நான்கே வருஷம் கழித்து, 1969-இல், எழுத்தாளர்களின் படைப்பு வருமானத்துக்கு அயர்லாந்து வரிவிலக்கு கொடுத்ததையும் சொல்ல வேண்டும்.

வாசகர் கோபப்படலாம், திட்டி எழுதலாம், புத்தகத்தை வாங்காமலும் இருக்கலாம். அந்தக் கோபத்தை அரசாங்கம் கையில் எடுத்துக்கொண்டால் அப்புறம் யாரும் உள்ளபடி எழுத மாட்டார்கள். முதல் எதிர்பார்ப்பும் அதோடு போச்சு.

ஹோரமாவு: வெளியில் பரிசு கிடைத்த பிறகுதான் உள்ளூரில் படிக்கிறார்கள். இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதியா?

இல்லை. மேலே லாக்ஸ்னஸ் கதையைப் பாருங்கள்.

ஒயிட்ஃபீல்ட்: ஒரு நாவல் சொந்த ஜனத்துக்காக எழுதப்பட்டதா, வெளிநாட்டுக்காரருக்காகவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எதை விளக்குகிறது என்று பாருங்கள். சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த ஒரு பாத்திரம் ராகி முத்தே சாப்பிட உட்கார்ந்து, அது கேழ்வரகு மாவில் கிண்டியது, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று மூன்று வரி யோசித்தால், அந்த வரிகள் உங்களுக்காக எழுதப்பட்டவை இல்லை. நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிற விருந்தாளி ஆகிவிட்டீர்கள்.

அதற்காக விளக்குவதையே துரோகம் என்று சொல்ல மாட்டேன். இலங்கையின் ஷெஹான் கருணாதிலக 2022-இல் புக்கர் பரிசு வாங்கினாரே, அந்த நாவல் 2020-இல் இந்தியாவில் வேறு பெயரில் வெளிவந்தது. இலங்கை அரசியல் தெரியாத மேற்கத்திய வாசகருக்கும் புரிய வேண்டும் என்று திருத்தி எழுதி லண்டனில் வெளியிட்டார்கள். திருத்தியதால் இலங்கை குறைந்துபோகவில்லை. ஆனால் எந்தப் பதிப்பு யாருக்கு என்று தெரிந்து படிப்பது நல்லது.

ஃப்ரேசர் டவுன்: எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்து ஈழத்து வாசகர்கள் தங்கள் எழுத்தாளர்களிடம் என்ன எதிர்பார்த்தார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சின்ன நாட்டின் சிக்கல் அங்கே இரட்டிப்பு, பக்கத்திலேயே அதே மொழியில் ஒரு பெரிய சந்தை இருக்கிறதே. கடைகளில் தொங்கியதெல்லாம் சென்னைப் பத்திரிகைகள். கதையில் வரும் கதாநாயகன் மயிலாப்பூரில் காப்பி குடிப்பான், படிக்கிறவர் பருத்தித்துறையில் இருப்பார்.

1950-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே 'தேசிய இலக்கியம்', 'மண்வாசனை' என்ற பேச்சு சூடு பிடித்தது. கைலாசபதி, சிவத்தம்பி போன்ற விமர்சகர்கள் அதற்கு வலு சேர்த்தார்கள். எங்கள் மண், எங்கள் பேச்சு, எங்கள் சாதிக் கொடுமை எல்லாம் கதையில் வர வேண்டும் என்றார்கள். 1966-இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். 1970-களில் இந்தியப் பத்திரிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியது. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். எனக்கே அரை மனசுதான், வாசகர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதை ஒரு நூலகர் எப்படி ஆதரிப்பது? ஆனால் அந்தக் காலத்தில்தான் கொழும்பு நாளிதழான வீரகேசரியின் பிரசுரமாக உள்ளூர் நாவல்கள் வரிசையாக வந்தன. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவு மீனவர்களைக் கொண்டுவந்தது. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வன்னிக் காட்டோரத் தண்ணிமுறிப்பைக் கொண்டுவந்தது.

அந்தப் புத்தகங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று புரியும். நெடுந்தீவுக் கதை வந்த பிறகு வன்னிக் கதை முழு ஈழத்தையும் சுமக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நாவல் இருக்கிற நாட்டில் அது தேசத்தின் முகமாகிவிடுகிறது, முகத்தில் மரு இருந்தால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. நூறு நாவல் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு தெருவை மட்டும் ஒழுங்காகச் சொன்னால் போதும். மானம் போச்சு என்று கத்துகிறவருக்கு நான் சொல்லும் ஒரே மருந்து, இன்னும் நாலு புத்தகம் வரட்டும்.

எலெக்ட்ரானிக் சிட்டி: அந்த நாலு புத்தகம் வர யார் காசு போடுவது? சின்ன நாட்டில் விற்குமா?

நார்வேயில் 1965-இலிருந்து அரசுக் கலை மன்றம் புதிய நார்வே மொழிக் கதைகளை வாங்கி நூலகங்களுக்கு அனுப்புகிறது. தொடக்கத்தில் ஒரு தலைப்புக்கு ஆயிரம் பிரதி. பதிப்பகத்தாரின் அடி வயிற்றுப் பயம் அதிலேயே பாதி போய்விடும். ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சில வாரங்களில்தான் புது நூல்கள் பெரும்பாலும் வரும், அவற்றுக்கென்று ஒரு பட்டியல் புத்தகம் வரும், பரிசாக நூல் கொடுப்பது வழக்கம். நம் ஊரில் கல்யாணத்துக்கு இன்னும் சுவர்க்கடிகாரம்தான்.

பன்னேர்கட்டா ரோடு: துப்பறியும் கதைக்கு இந்தச் சுமையெல்லாம் கிடையாதா?

ரொம்பக் குறைவு. ஐஸ்லாந்தில் வருஷத்துக்கு நடக்கும் கொலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், நாவல்களில் விழும் பிணங்களுக்குக் கணக்கே இல்லை. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆர்னால்டுர் இந்த்ரிதாசனின் துப்பறிவாளர் சின்ன வயதில் பனிப்புயலில் தம்பியைத் தொலைத்தவர். கொலையைத் தேடும் சாக்கில் அந்த நாட்டின் குளிரும் தனிமையும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகின்றன.

மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூர் வருபவர்: எங்கள் கோலார் தங்கவயல் நாடும் இல்லை, மாநிலமும் இல்லை. சினிமா எங்களை ரவுடிகளாகக் காட்டுகிறது. நாங்கள் என்ன எதிர்பார்க்கலாம் அக்கா?

தம்பி, நாடு என்று வரைபடத்தில் போட்டிருக்க வேண்டியதில்லை. நான் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம், சைனைடு மண்மேடுகள், வரிசை வீடுகள், கல்தூசு நுரையீரலில் படிந்து இருமிய தாத்தாக்கள், 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகள். இத்தனையும் இருக்கிற ஊரில் ரவுடியும் இருக்கட்டும், அவன் மட்டும் இருக்கக் கூடாது. நல்லவர்களாகக் காட்டு என்று கேட்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். ரயிலில் போக வர ஏகப்பட்ட நேரம் இருக்கிறது, உங்களில் ஒருவர் எழுதவும் செய்யலாம்.

சிவாஜிநகர்: நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் வட்டிக்கடைக்காரர் எங்கள் மாமாதான். அவர் கண்டுபிடித்துவிடுவாரா?

கண்டுபிடிப்பார். மீசையை எடுத்துவிட்டு, கடையை ஜெயநகருக்கு மாற்றினாலும் கண்டுபிடிப்பார். அதைவிடப் பெரிய தொல்லை, நீங்கள் கனவிலும் நினைக்காத இரண்டு பேர் வந்து 'இது நான்தானே' என்று நிற்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.