லினக்ஸ் போடும் முன் பழைய லேப்டாப்பில் என்னென்ன பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 2016இல் வாங்கிய லேப்டாப், ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா, உங்கள் மாடலுக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தாராளமாகப் போடலாம். விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் பிராசசர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேறு கேட்கிறது. இந்தக் காரணத்துக்காக நன்றாக ஓடும் லேப்டாப்பைப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டியதில்லை. ஆனால் "என் மாடலுக்கு ஒத்துவருமா" என்று யாரிடம் கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது. ஒரே மாடல் பெயரில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு லேப்டாப்புக்குள் வேறு வேறு வைஃபை கார்டு இருக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை நடத்துகிறேன். அக்கா மகள் புதுச்சேரியில் கல்லூரியில் சேர்ந்தபோது தன் லேப்டாப்பில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு போட்டுத் தரச் சொன்னாள். அதே மாடல் என் கடையில் இரண்டு வருடமாக உபுண்டுவில் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் என்ன சோதனை வேண்டியிருக்கிறது என்று விண்டோஸை மொத்தமாக அழித்துவிட்டுப் போட்டேன். கடையில் எல்லா மெஷினுக்கும் லேன் கேபிள்தான். அதைச் செருகியபடியே அப்டேட் முடித்தேன், தமிழ்99 விசைப்பலகை வைத்தேன், பாட்டுப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. ஞாயிறு சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

ராத்திரி பத்து மணிக்கு போன். "சித்தி, இங்க வைஃபைன்னு ஒண்ணையே காட்டல. நாளான்னிக்கு ரெக்கார்டு சப்மிட் பண்ணணும்." ஹாஸ்டலில் லேன் கிடையாது. மறுநாள் காலை கடையைச் சாத்திவிட்டுப் புதுச்சேரி பஸ் ஏறினேன்.

ஹாஸ்டலின் பார்வையாளர் அறையில் உட்கார்ந்து, என் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங்கை ஆன் செய்தேன். நெட் உடனே வந்துவிட்டது. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை டிரைவரை இறக்கவே நெட் வேண்டும் என்ற சிக்கலில் இருந்து வெளியே வர இதைவிட எளிய வழி இல்லை.) கூடுதல் டிரைவர்கள் என்ற பகுதிக்குப் போய், அந்தக் கார்டுக்கான டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற விடும் செக்யூர் பூட் ஆன் ஆக இருந்ததால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. வைத்தேன். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்து பத்து விநாடி எண்ணியது. ஏதோ கோளாறு என்று நினைத்து நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அது தானாகவே போய்விட்டது. உள்ளே போனால் அப்போதும் வைஃபை இல்லை.

அந்தப் பத்து விநாடிக்குள் ஒரு விசையை அழுத்தி, மோக் சாவியை (டிரைவரை நம்பலாம் என்று லேப்டாப்பின் உரிமையாளர் தரும் சாவி) பதிவு செய்யும் வரியைத் தேர்ந்தெடுத்து, முன்பு வைத்த பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். அப்படிச் செய்தால்தான் வெளியிலிருந்து வந்த டிரைவரை செக்யூர் பூட் உள்ளே விடும். இது புரிந்து, மறுபடியும் முதலிலிருந்து செய்து முடிக்கும்போது மணி ஒன்று. டிரைவர் தேடி, படித்து, திரும்பத் திரும்பச் செய்து மொத்தம் மூன்று மணி நேரம். விண்டோஸை அழிக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து அந்தக் கார்டின் எண்ணைப் பார்த்திருந்தால் கடையிலேயே முடிந்திருக்கும் வேலை. பிள்ளையை ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்க விட்டது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

அந்த எண்ணை எப்படிப் பார்ப்பது? விண்டோஸில் இருக்கும்போதே பார்த்துவிடலாம். டிவைஸ் மேனேஜர் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதற்குள் வைஃபை கார்டின் பெயர் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடீஸ். அங்கே வென் என்பதற்குப் பிறகு நான்கு இலக்கம், டெவ் என்பதற்குப் பிறகு நான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்கு தயாரித்த கம்பெனி, அடுத்த நான்கு அந்தச் சில்லு. 8086 என்றால் இன்டெல், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். 14ஈ4 என்றால் பிராட்காம். அதன் பழைய கார்டுகள் பலவற்றுக்கு மேலே சொன்னதுபோலத் தனி டிரைவர் வேண்டும். 10ஈசி என்றால் ரியல்டெக். இதில் சில்லுக்குச் சில்லு கதை வேறு. ஆர்டிஎல்8821சிஇ என்ற சில்லுக்கு 2020இல் வந்த 5.9 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருந்து உள்ளேயே டிரைவர் இருக்கிறது, அதனால் புதிய பதிப்பாகப் போட்டால் போதும். ஆர்டிஎல்8723பிஇ என்றால் வைஃபை வரும், ஆனால் சில லேப்டாப்பில் ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும். ஒரே ஆன்டெனா வைத்திருப்பார்கள், டிரைவர் மற்ற முனையில் தேடிக்கொண்டிருக்கும். டிரைவரின் அமைப்பில் ஆன்டெனா தேர்வு எண்ணை (ant_sel) 1 அல்லது 2 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இரண்டு எண்ணையும் சேர்த்து, பக்கத்தில் லினக்ஸ் என்று போட்டுத் தேடுங்கள். லினக்ஸ்-ஹார்டுவேர் டாட் ஆர்க் என்ற தளத்தில், அதே சில்லு வைத்திருப்பவர்கள் எந்தக் கெர்னலில் ஓடியது, எதில் ஓடவில்லை என்று பதிவேற்றிய விவரங்கள் கிடைக்கும். கைரேகை சென்சார் இருந்தால் அதன் எண்ணையும் இப்படியே பார்த்துவிடுங்கள் (அங்கே பெரும்பாலும் வென், டெவ் என்பதற்குப் பதில் விஐடி, பிஐடி என்று இருக்கும்). கைரேகைக்கு லினக்ஸில் பயன்படும் லிப்எஃப்பிரின்ட் திட்டம், தான் ஆதரிக்கும் சென்சார்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் இல்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிடலாம், பாஸ்வேர்டு போதும்.

எண் பார்த்தாயிற்று என்றால் அடுத்தது லைவ் பென்டிரைவ், அதாவது இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் பென்டிரைவ். 8 ஜிபி போதும். மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகை சுமார் 3 ஜிபி, உபுண்டு 24.04 சுமார் 6 ஜிபி வரும். உங்கள் 4 ஜிபி ராமுக்கு மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைச் சொல்வேன். விண்டோஸிலேயே ரூஃபஸ் மென்பொருளால் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் என்ற ஐகான் பக்கமே போகாதீர்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் ஒரு நாள் முழுக்க அதில் வேலை செய்யுங்கள்.

முதல் வேலை, லேன் கேபிளைப் பிடுங்குவது. பிறகு உங்கள் அன்றாட வேலைகளை வரிசையாகச் செய்து பாருங்கள். யூடியூபில் வீடியோ ஓடட்டும், ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் கேளுங்கள். யாருக்காவது வீடியோ கால் போடுங்கள், கேமராவும் மைக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் நகர்த்தல், புளூடூத், டிவியில் எச்டிஎம்ஐ எல்லாம் பாருங்கள். கடைசியாக மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். திறந்ததும் எழுந்திருக்கிறதா, மூடியிருந்தபோது அடிப்பக்கம் சூடாகவே இருந்ததா என்று தொட்டுப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும்போது சில சமயம் இதில் தொங்கிப்போகும், அதனால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

பூட் ஆகும்போதே திரை கறுப்பாகி நின்றுவிட்டால் பெரும்பாலும் என்விடியா கார்டுதான். தொடக்க மெனுவில் இன்னொரு வரி இருக்கும், உபுண்டுவில் சேஃப் கிராபிக்ஸ் என்றும் மின்ட்டில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்றும். அதில் நுழையுங்கள். பழைய என்விடியா கார்டுகளுக்குப் பழைய டிரைவர்தான் பொருந்தும். கெப்ளர் வகைக்கு 470, ஃபெர்மி வகைக்கு 390. கேம் விளையாடாதவர் என்றால் இன்டெல் கிராபிக்ஸே போதும், என்விடியாவை மறந்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது புதிய லேப்டாப்பாக இருந்தால் ஒன்று: இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால், பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்புத் திரை) ஸ்டோரேஜ், இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் இருக்கும். அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், முதலில் அதை சேஃப் மோடில் திறக்கும்படி வைத்துவிட்டு மாற்றுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆக இருந்தால், அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் பயாஸில் கை வைக்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கடலோரத்தில் உப்புக்காற்று லேப்டாப்பைச் சும்மா விடுவதில்லை. தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த வீட்டிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த லேப்டாப், லைவ் மின்ட்டில் ஏறிய பத்தாவது நிமிடம் உறைந்துபோனது. "அக்கா, லினக்ஸ் இதுக்கு ஒத்துக்கல போலிருக்கே" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினோம், திரை முழுக்கப் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ராமை எடுத்துப் பார்த்தால், தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பற்களில் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் போக ஊதித் துடைத்து மறுபடி செருகினோம். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது, ஒரு பிழையும் இல்லை. பத்து வருட லேப்டாப் என்றால் ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டும் முன் ராமையும் டிஸ்க்கையும் சோதியுங்கள். லைவில் இருக்கும்போதே டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு) பார்க்கலாம். கெட்டுப்போனதால் மறு ஒதுக்கீடு செய்த செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த ஹார்டு டிஸ்க் வேண்டாம், ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். உங்கள் மெஷினில் நீங்கள் உணரப்போகும் பெரிய மாற்றமும் அதுதான்.

பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்று சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூடத் தாங்காது என்றால், இன்வெர்ட்டர் உள்ள இடத்தில் வைத்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

பிரின்டரை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். என் கடையிலேயே பழைய லேசர் பிரின்டர் ஒன்று லினக்ஸில் அசையவே இல்லை. பேஜ்மேக்கரில் செய்த பழைய பத்திரிகைகளும் இருப்பதால் ஒரு மெஷினை, நெட் இணைக்காமல், விண்டோஸிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் பிரின்டரை லைவில் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துகிறீர்கள் என்றால், லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் இப்போதே கேளுங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி, புதுச்சேரியில் எஃப்எஸ்ஹெச்எம் என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். பொறுமையாகச் சொல்லித் தருபவர்கள்.

இப்போதைக்கு அந்த வைஃபை கார்டின் எட்டு இலக்கத்தை மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள். எந்தப் பதிப்பைப் போடலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.