மூன்று மாதக் குழந்தையின் கால்விரல் வீக்கம்: முடி சுற்றியிருக்கலாம், உடனே பாருங்கள்

குடியாத்தம் சகோதரிக்கு, சாயங்காலத்திலிருந்து ஓயாத அழுகை, ஒரே ஒரு விரல் மட்டும் சிவந்து வீக்கம், அடியில் கோடு போட்ட மாதிரி பள்ளம் என்கிறீர்கள். மாமி சொல்வது போல் எறும்புக்கடியாக எனக்குத் தோன்றவில்லை. மஞ்சள் பத்து வேண்டாம், அது பள்ளத்தை மறைத்துவிடும்.

பிரசவமாகி சில மாதங்களில் நமக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அதில் ஒன்று சாக்ஸுக்குள் புகுந்து விரலைச் சுற்றிவிடும். ஈரத்தில் நீளும் முடி, காய்ந்ததும் இறுகும். வீங்க வீங்க சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது.

நல்ல வெளிச்சத்தில் விரலை லேசாக விரித்துப் பாருங்கள். நுனி தெரிந்தால் மெதுவாகச் சுற்றிப் பிரிக்கலாம். தெரியவில்லையென்றால் பிளேடு, ஊசி எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். முடி நீக்கும் க்ரீமை மருத்துவமனையில் தடவுவதுண்டு. தோல் கிழிந்திருந்தால் கூடாது, சுற்றியிருப்பது முடியல்ல, நூல் என்றால் கரையவும் கரையாது. அதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

பிரித்த பிறகும் பள்ளமோ நிறமோ மாறாவிட்டால் இன்னொரு இழை உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீலமாகவோ கருப்பாகவோ தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது. இரவானாலும் குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்; அங்கே முடியாதென்றால் வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை அல்லது சி.எம்.சி. மருத்துவமனை அவசரப் பிரிவு.

அப்புறம், மற்ற விரல்களையும், பையன் என்றால் ஆணுறுப்பையும் பார்த்துவிடுங்கள். அங்கேயும் சுற்றும்.