இரண்டு சார்ட்பிளாட்டர், ஒரு ரேடியோ: எந்த வயரை எங்கே கொடுப்பது?

கேள்வி: எங்கள் பாய்மரப் படகில் சுக்கான் சக்கரத்தருகே ஒரு சார்ட்பிளாட்டரும் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரை), உள்ளே வரைபட மேசையில் இன்னொன்றும் இருக்கின்றன. இரண்டும் என்எம்இஏ 2000 (படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் பொதுக் கேபிள் முறை) இணைப்பில் இருக்கின்றன. புதிதாகப் பொருத்திய விஎச்எஃப் ரேடியோவில் ஏஐஎஸ் (பிற கப்பல்கள் தானாக அறிவிக்கும் இருப்பிடத் தகவல்) பெறும் வசதியும் உண்டு. ஆனால் அதன் பின்னால் பழைய முறையான என்எம்இஏ 0183 வயர்கள் மட்டுமே வெறுமனே தொங்குகின்றன. திரையில் 'இருப்பிடம் இல்லை' என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. ரேடியோவை இரண்டு பிளாட்டர்களுக்கும் இணைக்க வேண்டுமா? எப்படி இணைப்பது?

பதில்: இரண்டுக்கும் இணைக்காதீர்கள். ஒன்றுக்கு இணைத்தால் போதும். என்னைக் கேட்டால், உங்கள் படகில் இரண்டில் எதற்கும் நேரடியாக இணைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த எச்சரிக்கையைக் கவனிப்போம். மற்றவை வசதிகள்; இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ரேடியோவின் முகப்பில் சிறு மூடிக்கு அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் 70-ஆம் சேனலில் ஒரு டிஜிட்டல் அபாய அழைப்பு போகும். படகின் 9 இலக்க அடையாள எண்ணான எம்எம்எஸ்ஐ, ஆபத்தின் வகை, அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் அதில் அடங்கும். ரேடியோவுக்கு ஜிபிஎஸ் தகவல் வராவிட்டாலும் அழைப்பு போகத்தான் செய்யும். ஆபத்தில் இருப்பது யார் என்று கரையில் தெரிந்துவிடும். எங்கே என்றுதான் தெரியாது. இருப்பிடத்தைக் கையாலும் உள்ளிடலாம். ஆனால் 4 மணி நேரம் கடந்தால் ரேடியோ அதைப் புதுப்பிக்கச் சொல்லும். இருபத்து மூன்றரை மணி நேரத்தில் அழித்தேவிடும். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகு அந்த 4 மணி நேரத்தில் 20 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கையால் உள்ளிடுவது வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டியது.

என்எம்இஏ 0183-இன் விதி எளிமையானது. பேசும் கருவி ஒன்று, கேட்கும் கருவிகள் பல இருக்கலாம். இரண்டு கருவிகளின் பேசும் வயர்களைச் சேர்த்து ஒரே கேட்கும் வயரில் கட்டவே கூடாது. கட்டினால் இரண்டு சமிக்ஞைகளும் மோதிக்கொள்ளும், ரேடியோவுக்கு எதுவும் விளங்காது. சில நேரம் ஒரு பிளாட்டரை அணைத்திருக்கும்போது மட்டும் எல்லாம் சரியாக வேலை செய்யும். அதனாலேயே இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க நாள்கணக்காகும். உங்கள் கேள்விக்கு 'இரண்டுக்கும் இணைக்காதீர்கள்' என்று சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்படியானால் எது? முதலில் உங்கள் பிளாட்டர்களில் 0183 வயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய மாடல்கள் பலவற்றில் அவை இல்லவே இல்லை. இருந்தால், மேசையில் உள்ள பிளாட்டரைத் தேர்ந்தெடுங்கள். வயர் நீளம் குறைவு, உப்புநீர் தெறிக்காது, கோளாறு வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.

இணைப்பில் நான்கு வயர்கள் உண்டு. பிளாட்டரின் வெளியீடு பிளஸ், ரேடியோவின் உள்ளீடு பிளஸுக்கு. வெளியீடு மைனஸ், உள்ளீடு மைனஸுக்கு. திரும்பி வரும் வழியில் ரேடியோவின் வெளியீடு, பிளாட்டரின் உள்ளீட்டுக்கு. சில கையேடுகள் பிளஸ், மைனஸுக்குப் பதிலாக ஏ, பி என்று குறிப்பிடும். ஏ என்பதைப் பிளஸ் என்று கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இதில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நிற ஒழுங்கு கிடையாது. இரண்டு கையேடுகளையும் விரித்து வைத்து, 'இந்த நிறம் இந்த நிறத்துக்கு' என்று ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு வயரைத் தொடுங்கள். அந்தத் தாளை ரேடியோவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தால் அடுத்து வருபவர் வாழ்த்துவார்.

பழைய பிளாட்டர்கள் சிலவற்றில் வெளியீட்டுக்கு ஒரே ஒரு வயர்தான் இருக்கும். அப்போது அதை ரேடியோவின் உள்ளீடு பிளஸுக்குக் கொடுத்து, உள்ளீடு மைனஸைப் பிளாட்டரின் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். தகவல் வயர்களில் பிளஸும் மைனஸும் இடம் மாறிவிட்டால் பொதுவாக எதுவும் எரியாது, தகவல்தான் வராது. மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட் மின்சாரம் மட்டும் அவற்றில் படக்கூடாது. இன்னொரு எச்சரிக்கை: தொங்கும் வயர்களில் இரண்டு, வெளி ஸ்பீக்கருக்கானவையாக இருக்கலாம். மிஞ்சியதுதானே என்று அவற்றில் ஒன்றைக் கிரவுண்டில் சேர்த்தால் பல ரேடியோக்களில் ஒலிப்பகுதி பழுதாகிவிடும். பயன்படுத்தாத ஒவ்வொரு வயரின் முனையையும் தனித்தனியாக உறையிட்டு மூடுங்கள்.

வயர் சரியாக இருந்தும் இருப்பிடம் வரவில்லை என்றால், பெரும்பாலும் வேகம்தான் காரணம். சாதாரண 0183 தகவல் வினாடிக்கு 4800 பிட் வேகத்தில் ஓடும். ஏஐஎஸ் தகவலுக்கு 38400. உங்கள் ரேடியோ ஏஐஎஸ் உள்ளது என்பதால் கையேட்டில் இதைக் கவனித்துப் படியுங்கள். சில ரேடியோக்கள் ஜிபிஎஸ்ஸுக்கு ஓர் இணை வயர், ஏஐஎஸ்ஸுக்கு இன்னோர் இணை என்று பிரித்திருக்கும். சிலவற்றில் எல்லாம் ஒரே இணை. பிளாட்டரின் ஒரு போர்ட்டில் போக்கும் வரவும் பொதுவாக ஒரே வேகத்தில்தான் நடக்கும். எனவே ஏஐஎஸ்ஸுக்காகப் பிளாட்டரை 38400-இல் வைத்துவிட்டு, ரேடியோவின் உள்ளீட்டை 4800-இலேயே விட்டுவிட்டால் கப்பல்கள் திரையில் தெரியும், ரேடியோவில் மட்டும் இருப்பிடம் வராது. அடிக்கடி காணும் கோளாறு இது. வேகமும் பொருந்துகிறது, ஆனாலும் வரவில்லை என்றால் பிளாட்டரின் மெனுவில் ஆர்எம்சி என்ற வாக்கியம் (0183 தகவல் வரி) வெளியே அனுப்பப்படுகிறதா என்று பாருங்கள். இடம், நேரம், வேகம், திசை நான்கும் அந்த ஒன்றிலேயே இருக்கின்றன. வயரில் உயிர் இருக்கிறதா என்று அறிய மல்டிமீட்டர் போதும்: பேசும் இணையில் அளவு ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

இனி, முதலில் ஒத்திவைத்த விஷயம். நேரடி இணைப்பில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, மேசைப் பிளாட்டரின் 0183 போர்ட்டுக்கு வரும் ஏஐஎஸ் தகவலைப் பெரும்பாலான பிளாட்டர்கள் 2000 இணைப்புக்குள் அனுப்புவதில்லை. கப்பல்கள் உள்ளே இருக்கும் திரையில் தெரியும். சுக்கான் பிடிப்பவருக்குத் தெரியாது. யாருக்கு அவசியமோ அவருக்கு இல்லை. இரண்டாவது குறை பாய்மரப் படகுக்கே உரியது. இரவில் என்ஜின் ஓடாதபோது பேட்டரியை மிச்சப்படுத்தப் பிளாட்டரை அணைத்துவிடுகிறோம். அணைத்த நொடியில் ரேடியோவும் தன் இருப்பிடத் தகவலை இழக்கிறது.

இரண்டுக்கும் ஒரே தீர்வு, 0183-ஐ 2000-ஆக மாற்றும் சிறு பெட்டி. இதைக் கேட்வே என்பார்கள். ரேடியோவின் நான்கு வயர்களும் அந்தப் பெட்டிக்குப் போகும். பெட்டி ஒரு டி-இணைப்பு வழியாக 2000 இணைப்பின் முக்கியக் கேபிளான முதுகெலும்புக் கேபிளில் சேரும். அதன்பின் ரேடியோ எந்தப் பிளாட்டருக்கும் சொந்தமில்லை. கப்பல்கள் இரண்டு திரைகளிலும் வரும். இருப்பிடம் 2000 இணைப்பிலிருந்து நேராக ரேடியோவுக்கு வரும். வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அது 38400 வேகத்தை ஏற்க வேண்டும். ஏஐஎஸ்ஸை மாற்றித் தர வேண்டும். பிற படகுகளின் அபாய அழைப்பும் திரையில் தெரிய வேண்டுமென்றால், மாற்றும் தகவல்களின் பட்டியலில் 129808 என்ற எண் இருக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளிலும் அது இருப்பதில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. ஜிபிஎஸ் ஆன்டெனா தனிக் கருவியாக 2000 இணைப்பில் இருந்தால்தான், பிளாட்டர்களை அணைத்த பிறகும் இருப்பிடம் கிடைக்கும். பிளாட்டருக்குள்ளேயே ஜிபிஎஸ் இருந்தால் பெட்டியாலும் பயனில்லை. அந்த இணைப்பின் மின்சாரத்துக்கும் பிளாட்டருக்கும் ஒரே சுவிட்ச் இருந்தாலும் அதே கதைதான். சோதிப்பது சுலபம்: இரண்டு பிளாட்டர்களையும் அணையுங்கள், சில நிமிடம் பொறுத்து ரேடியோ திரையைப் பாருங்கள். எண்கள் இன்னும் மாறிக்கொண்டிருந்தால் சரி. தனி ஆன்டெனாவுக்கு இடமோ பணமோ இல்லையென்றால், உள்ளேயே ஜிபிஎஸ் உள்ள ரேடியோவாக மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் பலமான உலோகக் கூரைக்கு அடியில் அது தடுமாறும்.

2000 பக்கத்து விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு டெர்மினேட்டர் (முனையில் பொருத்தும் மின்தடை); கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கிளைக் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு தகவல் வயர்களுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் கழன்றிருக்கிறது.

ரேடியோவின் மின்சாரத்தைப் பிளாட்டரின் வயரிலிருந்து கிளை எடுத்துக் கொடுக்காதீர்கள். 25 வாட்டில் ஒலிபரப்பும்போது ரேடியோ 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயராக இருந்தால், நீங்கள் பேசும் பொத்தானை அழுத்தியதும் வோல்டேஜ் இறங்கிப் பிளாட்டர் அணைந்து மறுபடி எழும். ரேடியோவுக்குத் தனி வயர், தனி ஃபியூஸ். வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், டெர்மினல் பிளாக்கில் திருகி இறுக்குங்கள். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக இருந்தால் உப்புக்காற்றில் பச்சை படியாது. தகவல் வயர்களை ஆன்டெனா கேபிளுடன் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். சுக்கானருகே கூடுதல் கைமைக் வைப்பதாக இருந்தால் அதைத் திசைகாட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் ஸ்பீக்கரில் உள்ள காந்தம் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பிவிடும். தானியங்கிச் சுக்கானின் திசை உணரியும் அதற்குத் தப்பாது.

எல்லாம் முடிந்ததும், ரேடியோ காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பிளாட்டருடன் ஒப்பிடுங்கள். பிறகு அருகில் நிற்கும் தெரிந்த படகிடம் சொல்லிவைத்து, உங்கள் ரேடியோவிலிருந்து அதன் இருப்பிடத்தைக் கேட்டு ஓர் அழைப்பு விடுங்கள். பதில் வந்து, அந்தப் படகு உங்கள் திரையில் புள்ளியாகத் தெரிந்தால் இரு வழியும் சரி. சிவப்புப் பொத்தானை அழுத்திச் சோதிக்காதீர்கள். அது உண்மையான மீட்புப் படையை எழுப்பிவிடும். இதற்கெல்லாம் முன்பாக எம்எம்எஸ்ஐ எண்ணை ரேடியோவில் பதிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டிஜிட்டல் அழைப்பு எதுவும் போகாது. ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்துப் பதியுங்கள். ஒன்றிரண்டு முறைக்கு மேல் மாற்ற ரேடியோ அனுமதிக்காது. பூட்டிக்கொண்டால் விற்றவரிடமோ தயாரித்த நிறுவனத்திடமோ கொண்டுபோய்த்தான் திறக்க வேண்டியிருக்கும்.